பிஸ்கோத்துக்கார முடுக்கு குறுகிய வருஷம்

லெயோனுடைய வலது கை முதல்முறையாக மரத்துப்போன அந்த வாரத்தில்தான் அவன் குடியிருந்த சந்தான பிஸ்கோத்துக்கார முடுக்கும் குறுக ஆரம்பித்தது. சிலுவைத்துறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் கடற்கரை ஊரில் சுவர் என்பது சும்மா நிற்கிற சாமான் இல்லை, உப்புக்காற்றில் பூக்கும், மழையில் ஊதும், வெயிலில் செதில் செதிலாக உதிரும். ஆகவே ஒரு சுவர் கொஞ்சம் தடித்து எதிர்ச்சுவரை நெருங்கினால், அது அந்தச் சுவரின் சொந்த விவகாரம் என்று விட்டுவிடுவதுதான் ஊர் வழக்கம்.

முதலில் சைக்கிள்காரர்களுக்குத்தான் தெரிந்தது, ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் உரசியது. பிறகு கேஸ் சிலிண்டர் போடுகிறவன் முடுக்கு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுச் சிலிண்டரைத் தோளில் தூக்க ஆரம்பித்தான். பிறகு மீன்கூடைக்காரிகள் கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றினார்கள். பிறகு, எதிரும் புதிருமாக வருகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் உரசாமல் தாண்ட முடியாது என்றானபோது, சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த இரண்டு ஓரகத்திகள் நடு முடுக்கில் வயிற்றோடு வயிறு ஒட்டி நின்று, இவள் அவள் முகத்தையும் அவள் இவள் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகி, கடைசியில் ஒருத்தி, "ஒனக்கு நரச்சுப்போச்சேட்டி" என்று சொல்ல, அத்தோடு தகராறு முடிந்தது. அதற்கப்புறம் முடுக்குக்குள் நுழைகிறவர்கள் "வாரேன்" என்று குரல் கொடுப்பதும், உள்ளே இருப்பவர்கள் "வாங்க" என்று வாசற்படி ஏறி நின்று வழிவிடுவதும் பழக்கமாகிவிட்டது. வெளியூரிலிருந்து பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம், என்ன மரியாதையான தெரு என்று வியந்துபோய் அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

பஞ்சாயத்து இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்தார். பழைய வரைபடத்தில் இருந்த அகலம் ஒரு விரற்கடை குறையாமல் அப்படியே இருந்தது. "ஒண்ணும் குறையலியே" என்று அவர் திரும்பியபோது தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் அவரை முன்னாலிருந்து இழுத்து எடுத்தார்கள். சட்டையைத் தட்டிக்கொண்டு, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

லெயோன் படகு இன்ஜின் மெக்கானிக். தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணோரத்தில் மீன் செதில் மினுங்குவதுபோல ஒரு வெளிச்சம் வளைந்து வளைந்து ஓடும் என்று கல்யாணமான புதிதிலேயே அவன் எர்மினாவிடம் சொல்லியிருந்தான். கான்வென்ட்டில் படித்து, தலைவலிக்கு ஒரு மாத்திரையும் ஓர் அருள்நிறை மந்திரமும் போதும் என்று கற்றுக்கொண்டவள் அவள், இரண்டையும் கொடுத்துவந்தாள். கை மரத்துப்போனதும் ஒரு பகலில் சரியாகிவிட்டதால், ஸ்பேனர் பிடித்த அசதி என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும் காலம் வந்தது. உப்புப் பூத்த சுவரைச் சுரண்டாமல் சிலுவைத்துறையில் யாரும் சுண்ணாம்பு தொடமாட்டார்கள். அதனால், சூசையப்பர் சப்பரம் தூக்குகிறவர்களுக்கெல்லாம் மூப்பரான கஸ்பார் மாமா நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, கொத்துக்கரண்டியும் மண்வெட்டியுமாக ஒரு காலைப்பொழுதில் பிஸ்கோத்துக்கார முடுக்குக்கு வந்தார். "இந்தச் செவத்துக்கு வந்த கொழுப்பக் கொஞ்சம் எறக்குவோம்" என்று சொல்லி ஓங்கி ஒரு சுரண்டு சுரண்டினார்.

உள்ளே லெயோன் மகள் தெசிக்குப் பால்சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். முதல் சுரண்டலுக்கு அவன் கை அந்தரத்தில் நின்றது. அடுத்ததற்கு, "எர்மி, இந்தத் துடுப்பப் பிடி" என்று ஸ்பூனை நீட்டினான். அவள் சிரித்தாள். வெளியே நாலு கரண்டிகளும் சேர்ந்து சுரண்டச் சுரண்ட, அவன் பிள்ளையைக் காட்டிக்காட்டி எதையோ கேட்டான், உதடு பிள்ளையின் பெயருக்கு ஏற்றபடி விரிந்தது, பெயர் வரவில்லை. எர்மினாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. அதே நேரத்தில் வெளியே கஸ்பார் மாமா, சுரண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல அது சுட்டது. கையை எடுத்தார், ரேகையெல்லாம் சிவப்பாக ஈரம்.

"லே, நிறுத்துங்கலே" என்றார். "இது உப்பு இல்ல."

சாயங்காலத்துக்குள் லெயோனுக்கு முக்கால்வாசி வார்த்தைகள் திரும்பிவந்தன. தெசி என்று சொல்ல வந்தது, ஸ்பூன் என்று சொல்ல வந்தது, கார்புரேட்டர் என்று சுத்தமாகச் சொன்னான். வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. கஸ்பார் மாமா வாசற்படிக்கு வந்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"உப்புன்னு நெனச்சோம் மக்கா."

"நானும்தான் மாமா அசதின்னு நெனச்சேன்" என்றான் லெயோன். "உள்ள வாங்க."

அவர் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் லெயோனின் தலையைப் படம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளைக்குள் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், உப்பளத்துக்குப் பக்கத்தில் நிலம் பூத்துக் கிடப்பதுபோல. மூளையின் ஆழத்துக்குப் போகிற மிகச் சின்ன ரத்தக்குழாய்கள்தான் கோளாறு என்றார் டாக்டரம்மா. அந்தக் குழாய்களின் சுவருக்குள் வேண்டாத சரக்கு சேர்ந்து சேர்ந்து சுவர் தடித்துவிடுகிறது, நடுவில் ரத்தம் போகிற வழி குறுகிவிடுகிறது, வழி அடைபட்ட இடமெல்லாம் இப்படி வெளுத்துப்போகிறது என்று ஒரு தாளில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார்.

லெயோன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெட்ரோல் டியூப் இப்படித்தான் டாக்டர். வெளியில பாத்தா நல்ல டியூப். அளவெல்லாம் சரியா இருக்கும். உள்பக்கமா தடிச்சிருக்கும்" என்றான்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "உங்க அப்பாவுக்கு இப்படி ஏதாவது இருந்ததா?"

லெயோனின் அப்பா பங்கிராஸ் கடைசி வருஷங்களில் கால் இழுத்து இழுத்து நடந்து, மணலைப் பார்த்துச் சிரித்து, மனிதர்களைப் பார்த்து அழுது, ஒரு பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செத்துப்போனவர். அவரை அடக்கம் செய்துவிட்டு ஜனங்கள் திரும்பியபோது ஊருக்குள் இருந்த ஓலைக்காரர் முடுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி, சுவரில் கிழித்த ஒரு கோடாக மட்டும் மிச்சமிருந்தது. இப்போதும் அந்தக் கோட்டில் பல்லி நுழையும், காற்று நுழையும், வேறொன்றும் நுழையாது. அதையும் அப்பாவையும் சேர்த்துப் பார்க்காமலே லெயோனும் எர்மினாவும் இத்தனை நாள் அதைத் தாண்டி நடந்திருந்தார்கள்.

"பெத்தவங்ககிட்டருந்து பிள்ளைக்கு வாரதா?" என்று கேட்டாள் எர்மினா. மடியில் தெசி டாக்டரம்மாவின் பேனா மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் பல வருஷம் ஆகும் தெரிய. இப்ப பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம்மா. அவ வளர்ந்து, தெரிஞ்சுக்கணும்னு அவளே கேட்டா, அப்பப் பார்க்கலாம். அது அவளோட விஷயம்."

தடித்த சுவரை மெலிய வைக்க மருந்து இல்லை, ஆனால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார், பீடி சிகரெட் கூடாது, உப்பு குறைக்க வேண்டும், பிரஷர் ஏறக் கூடாது. எர்மினாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. மனசில் விழுந்தது பாதிக்குப் பாதி மட்டும்தான்.

ஊர் அந்தச் சேதியை இரண்டு நாளில் செரித்துக்கொண்டது. லெயோன் தலைக்குள் இருக்கிற வழிதான் பிஸ்கோத்துக்கார முடுக்கு என்றால், பிஸ்கோத்துக்கார முடுக்கைப் பார்த்துக்கொண்டால் லெயோனைப் பார்த்துக்கொண்டதாகும் என்று டீக்கடையில் முடிவாகி, அன்று முதல் அந்த முடுக்குக்குள் யாரும் பீடி பற்றவைக்கவில்லை. பற்றவைத்துக்கொண்டு வந்தவர்கள் முனையில் காத்து நின்று இழுத்து முடித்துவிட்டு நுழைந்தார்கள். உப்பு ஆகாது என்பதால் வாசலில் கருவாடு காயப்போடுவதை நிறுத்தினார்கள். கருவாடு இல்லாத தெருவைப் பூனைகள் நம்பாமல் ஒரு வாரம் வந்து வந்து பார்த்துவிட்டு, பிறகு மணியடி முடுக்குக்குக் குடிபெயர்ந்தன. பிரஷர் ஏறக் கூடாது என்பதால் சண்டைகளை வெளியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு மெற்றில்டா மாமி தன் புருஷனை ஏசுவதற்காகவே அவரைக் கையைப் பிடித்துக் கடற்கரைவரை கூட்டிக்கொண்டுபோய், ஏசி முடித்து, கூட்டிக்கொண்டு வந்தாள். ஜனங்கள் இடித்துக்கொள்ளாமல் நடந்தார்கள், பதறாமல் நடந்தார்கள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டும் நடந்தார்கள். அப்படி நடக்க நடக்க முடுக்கு விரியவில்லை, ஆனால் குறுகுவதும் நின்றதுபோலத்தான் இருந்தது.

எர்மினா மட்டும் வேறு முடுக்குகளில் நடந்தாள். பங்கிராஸுக்கு ஓலைக்காரர் முடுக்கு, லெயோனுக்குப் பிஸ்கோத்துக்கார முடுக்கு, அப்படியென்றால் தெசிக்கென்று ஒரு முடுக்கு இந்த ஊரில் எங்கோ இருக்க வேண்டும், அது இப்போதே உள்ளுக்குள் தடிக்கத் தொடங்கியிருந்தால் பாதிக்குப் பாதியில் எந்தப் பாதி என்று தெரிந்துவிடும். காலையில் பால் வாங்கப் போகும்போது பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முடுக்கிலும் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, இந்தச் சுவரில் ஒரு விரல்நுனியும் அந்தச் சுவரில் ஒரு விரல்நுனியும் படுகிறதா என்று பார்த்தாள். நேற்று படாத இடத்தில் இன்று பட்டால் பாலை மறந்து அங்கேயே நிற்பாள். நாளைக்கு அதே இடத்தில் படாது. பயந்த கை நீளும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

சங்குக்குளி முடுக்கில் ஒருநாள் மெற்றில்டா மாமி மீன்கூடையோடு எதிரே வந்தாள்.

"என்னட்டி, பறக்கப் போறியா?"

எர்மினா கையை இறக்கினாள்.

"ரொம்ப நாளாப் பாக்கேன். ஊரே பாக்கு. இந்தப் பக்கத்துப் பொம்பளைய எல்லாம் நீ வாரத கண்டா வயித்தப் பிடிச்சிக்கிட்டு உள்ள போயிருதாளுவ. எங்க முடுக்கா இருந்துறக் கூடாது மாதாவேன்னு."

"எனக்குத் தெரியணும் மாமி."

"தெரிஞ்சு?"

எர்மினா முதுகுக் கட்டை இழுத்து இறுக்கினாள். முதுகில் தெசி, மாமியின் கூடையிலிருந்து ஒரு சாளையை எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அதக் கீழ போடு கழுத" என்று மாமி பிள்ளையை வைதாள்.

அதே கேள்வியை லெயோனும் கேட்டான். அவன் இடது கையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான், வார்த்தைகளைக் கொஞ்சம் மெதுவாக எடுத்தான்.

"தெரிஞ்சா என்ன செய்வ?"

"தெரியாம நான் என்ன செய்யட்டும்? அவ ஓடுதா, விழுதா, தலையப் பிடிச்சிக்கிட்டு அழுதா. மத்தப் பிள்ளைய அழுதா, விழுந்துட்டான்னு தூக்குவாங்க. நான் தூக்கும்போதே, அதுதானோன்னு..."

"எனக்கும் எங்க அப்பாகிட்டயிருந்துதான வந்துச்சு" என்றான் லெயோன். "என்னையச் சின்னதுல யாரும் அளக்கல. நல்லாத்தான் இருந்துச்சு எர்மி. மரம் ஏறினேன். கடல்ல முங்கினேன். ஒன்னையப் பாத்தேன்."

அவள் எழுந்துபோய்ச் சோற்றை வடித்தாள்.

சூசையப்பர் திருநாள் நெருங்கியது. திருநாளன்று சூசையப்பர் சப்பரம் ஊரில் திறந்திருக்கிற எல்லா முடுக்குகளிலும் நுழைந்து வர வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது, நுழைந்த முடுக்கில் பின்வாங்கவும் கூடாது. சப்பரத்தின் தண்டுகள் அகலமானவை. தண்டுக்கும் சுவருக்கும் நடுவே எந்த முடுக்கில் எவ்வளவு இடம் என்பது தூக்குகிறவர்களின் தோளுக்குப் பரம்பரையாகத் தெரியும். இன்ஜினியரின் டேப் ஏமாறலாம், எர்மினாவின் கை ஏமாறலாம், அந்தத் தோள்கள் ஏமாறாது.

அவள் கஸ்பார் மாமாவின் வீட்டுக்குப் போனாள். "மாமா, எனக்கு ஒரு வாக்குக் கொடுக்கணும். சப்பரம் சுத்தி முடிஞ்சதும் எந்த முடுக்கு குறுகியிருக்குன்னு எனக்குச் சொல்லணும். ஒண்ணும் குறுகலன்னா அதையும் சொல்லணும்."

கரண்டி பிடித்த தன் வலது உள்ளங்கையைக் கஸ்பார் மாமா ஒருதரம் பார்த்துக்கொண்டார். அவளுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கேட்டா சொல்லுதேன்" என்றார்.

திருநாள் சாயங்காலம் கோவில் முற்றத்தில் சப்பரம் பூவும் சீரியல் லைட்டுமாக நின்றது. தண்டுகளைக் காணோம். சூசையப்பரை இறக்கிக் கையில் வைத்திருந்தார்கள், ஒரு கையில் குழந்தை யேசுவும் மறு கையில் லீலிப்பூவுமாக, மூன்று வயதுப் பிள்ளையின் உயரமும் அதைவிடக் கூடுதல் கனமுமான மரச்சுரூபம். பிஸ்கோத்துக்கார முடுக்கில் சப்பரம் நுழையாது, அந்த ஒரு முடுக்கில் மட்டும் கையில் தூக்கிக்கொண்டு போனால் லெயோனைச் சந்தியில் நிறுத்தியதுபோல ஆகிவிடும், ஆகவே இந்த வருஷம் எல்லா முடுக்கிலும் கையில்தான், வாசலுக்கு வாசல் வீட்டுக்காரர்களே வாங்கி அடுத்த வாசலுக்குக் கொடுக்கட்டும் என்று தூக்குகிறவர்கள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். ஊர் தலையாட்டியது, சாமியார் மட்டும் ரூபிரிக்ஸ், சடங்கு விதி என்று ஏதோ சொல்ல வந்து பிறகு விட்டுவிட்டார். எர்மினாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோபத்தில் கண் கலங்கியது. தண்டு இல்லாமல் மாமாவுக்கு எப்படித் தெரியும்?

மேளம் முனையில் நின்றுவிட, சூசையப்பர் பிஸ்கோத்துக்கார முடுக்குக்குள் நுழைந்தார். ஜனங்கள் வாசற்படிகளிலும் சுவரோரமாகவும் முதுகை ஒட்டி நின்று, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவரை அனுப்பினார்கள். ஒவ்வொரு வாசலிலும் "வாரேன்" என்று கொடுப்பவரும் "வாங்க" என்று வாங்குபவரும் சொல்லச் சொல்ல, அது செபமாலைபோல ஒரே ராகத்தில் நெருங்கி வந்தது. வாரேன், வாங்க, வாரேன், வாங்க. லெயோன் படியில் இடது கையை நீட்டி நின்றான். வலது கையை நம்ப முடியாது, எர்மினாவும் சேர்ந்து பிடிக்க வேண்டும், அவள் இடுப்பில் பிள்ளை இருந்தது.

"பிள்ளையக் கொண்டா" என்று அடுத்த வாசலிலிருந்து மெற்றில்டா மாமி கையை நீட்டினாள். எர்மினா கொடுத்தாள். கொடுத்த கையில் சூசையப்பர் வந்து இறங்கினார், இரண்டு பேரும் மூன்று கைகளால் அவரைப் பிடித்தார்கள், அவர் அங்கே ஒரு மூச்சு நேரம் இளைப்பாறினார். பிறகு அவர் மாமியிடம் போக வேண்டும், மாமிக்குக் கை காலியாக வேண்டும், மாமி பிள்ளையை அடுத்த வாசலுக்குக் கொடுத்தாள். அடுத்த வாசலுக்குச் சூசையப்பர் வந்தபோது பிள்ளை அதற்கும் அடுத்த வாசலுக்குப் போயிற்று. நுழைந்த முடுக்கில் பின்வாங்கக் கூடாது. தெசி ஒரு வாசல் முன்னாலும் சூசையப்பர் ஒரு வாசல் பின்னாலுமாக, பிஸ்கோத்துக்கார முடுக்கைத் தாண்டி, மேளத்தைத் தாண்டி, மணியடி முடுக்குக்குள் போனார்கள்.

"என் பிள்ள" என்று எர்மினா படியிறங்கினாள். முன்னால் ஆட்கள் சுவரோடு சுவராக நின்றார்கள், ஒரு கை நுழைய இடமில்லை.

"விடு" என்றான் லெயோன். "ஊரு கையில இருக்கா."

இருட்டத் தொடங்கியது. முதலில் தெசியின் சிரிப்பு கேட்டது. பிறகு மணியடியிலிருந்து பூனைகள் கத்துவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மொட்டைமாடியிலிருந்து ஒரு பையன், "சங்குக்குளில இருக்கா மைனி, யாரோ மிட்டாய் குடுத்துட்டாங்க" என்று கத்தினான். எர்மினா வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடுக்கையும் மனசுக்குள் நடந்தாள். இந்த நேரம் தெசி எந்தச் சுவர்களுக்கு நடுவே போகிறாளோ, அங்கே எத்தனை முதுகுகள் அவளுக்காகச் சுவரைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்குமோ. எந்த முதுகுக்காவது சுவர் நெருங்கியது தெரிந்திருக்கும். தெரிந்த முதுகும் பிள்ளையை வாங்கி, முகத்தைப் பார்த்து, கொஞ்சி, அடுத்த கைக்குக் கொடுத்துத்தான் இருக்கும். அவளுடைய இரண்டு கைகளும் வெறுமையாக மடியில் கிடந்தன.

கோவில் மணி அடித்து, சூசையப்பர் பீடம் ஏறிவிட்டார் என்று ஊருக்குச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் முடுக்கின் மறுமுனையில் "வாரேன்" என்று குரல் கேட்டது. கஸ்பார் மாமா தோளைச் சாய்த்து, பக்கவாட்டில் நடந்து வந்தார். தெசி அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் பவுடர், வாயெல்லாம் மிட்டாய்ச் சிவப்பு, கழுத்தில் யாரோ போட்ட கனகாம்பரச் சரம்.

"அழுதாளா?"

"எங்க அழுதா. எல்லார் மூக்கையும் பிடிச்சி இழுத்தா. கடைசி முடுக்குலதான் தூங்கிப்போனா."

எர்மினா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கஸ்பார் மாமா போகவில்லை. தண்டு இல்லாவிட்டாலும் ஊர் முழுக்கச் சுரூபத்துக்குப் பின்னாலேயே நடந்தவர், அந்தத் தோள் எல்லா முடுக்கிலும் நுழைந்து வந்திருந்தது. கேட்டால் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த மனிதன், கேட்கட்டும் என்று துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு பதில் இருந்தது. எந்தப் பதில் என்று அந்த மங்கிய வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை, அவள் விளக்கைப் போடவும் இல்லை.

தெசி தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, தாயின் கழுத்துக் குழியில் முகத்தைச் செருகிக்கொண்டாள். மிட்டாய் வாசமும், ஊரிலிருந்த எல்லாக் கைகளின் வாசமும் அடித்தது.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள் எர்மினா.

கஸ்பார் மாமா சுருட்டிய துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னும் இல்ல மக்கா."

"அப்ப உள்ள வாங்க. அவருக்கும் இப்பதான் போடப் போறேன்."

இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். சொல்ல வந்த சொல்லும் அவரோடு கூடவே வந்து, லெயோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோறு வருகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தது. சோறு வந்ததும் சாப்பிட்டது.